சட்ஸ்வேர்த்: துரத்தப்பட்டவர்கள் ஊராக்கிய ஊர்

எங்கள் வீட்டில் 'ஊர்' என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தங்கள் இருந்தன. 1990 ஜூனில் வலிகாமம் வடக்கிலிருந்து கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்ட குடும்பம் எங்களுடையது. நான் பிறந்தது அதற்கடுத்த ஆண்டு, மல்லாகத்தில் ஒரு வாடகை வீட்டில். "ஊருக்குப் போக விடப்போறாங்களாம்" என்று யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்குக் குழப்பமாக இருக்கும். "நாங்க ஊரிலதானே இருக்கிறம், அம்மம்மா?" என்று ஒருநாள் கேட்டேன். "இது இருக்கிற இடம், பிள்ளை. ஊர் அங்காலை" என்றார் அம்மம்மா.

இருக்கிற இடம் எப்போது ஊராகிறது? அது ஊராகிவிட்டால், பறிபோன ஊரின் மேலிருக்கும் உரிமை தீர்ந்துபோகுமா? தென்னாபிரிக்காவின் டேர்பன் நகர விளிம்பில் உள்ள சட்ஸ்வேர்த் என்ற குடியிருப்பு நகரைப் பற்றி வாசிக்கத் தொடங்கியபோது இந்தக் கேள்விகள்தான் திரும்ப வந்தன. அங்கே வாழ்பவர்களில் பெரும் பகுதியினர் தமிழ் வம்சாவளியினர். அவர்களும் துரத்தப்பட்டவர்கள். அவர்களது காணிக் கேள்விக்கு ஒரு ஜனநாயக அரசு பதில் சொல்ல முயன்றது. அந்தப் பதில் என்னவாயிற்று என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டிய காரணம் இருக்கிறது.

இலங்கையில் நல்லிணக்கம் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் தென்னாபிரிக்காவின் பெயரும் வரும். 2014இல் அந்த நாட்டின் விசேட தூதுவராக சிறில் ரமபோசா கொழும்புக்கு வந்தார். 2023இல் இலங்கை அமைச்சர்கள் அங்கே சென்று உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு பற்றிக் கேட்டறிந்தார்கள். 2024 ஜனவரியில் அதே பாணியிலான ஆணைக்குழு ஒன்றுக்கான சட்டமூலம் இங்கே வர்த்தமானியில் வெளியானது. ஆனால் தென்னாபிரிக்க ஆணைக்குழு விசாரித்தது கொலை, கடத்தல், சித்திரவதை போன்ற பாரதூரமான உரிமை மீறல்களை. இலட்சக்கணக்கான மக்கள் சட்டத்தின் பெயரால் வீடுகளிலிருந்து வெளியேற்றப்பட்டது அதன் விசாரணை வரம்புக்குள் வரவில்லை. அதற்கு வேறொரு சட்டம், வேறொரு நீதிமன்றம். அந்தப் பாதையைப் பற்றி நம்மிடம் யாரும் அதிகம் பேசுவதில்லை.

கேட்டோ மெனர்: முதலில் இருந்த ஊர்

சட்ஸ்வேர்த்தின் கதை சட்ஸ்வேர்த்தில் தொடங்கவில்லை. 1860 நவம்பர் 16ஆம் திகதி 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து டேர்பன் துறைமுகத்தை வந்தடைந்தது. அதில் வந்தவர்கள் நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கான ஒப்பந்தக் கூலிகள். 1911இல் இந்த முறை நிறுத்தப்படும்வரை ஏறத்தாழ 152,000 பேர் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டார்கள். இவர்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கினர் சென்னை மாகாணத்தைச் சேர்ந்தவர்கள், தமிழும் தெலுங்கும் பேசியவர்கள். இதே காலத்தில்தான் அதே மாகாணத்திலிருந்து நம் மலையகத்துக்கும் ஆட்கள் கொண்டுவரப்பட்டார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் இந்த மக்கள் நமக்கு அந்நியமாகத் தெரியமாட்டார்கள்.

ஒப்பந்தக் காலம் முடிந்தவர்களில் பலர் ஊர் திரும்பவில்லை. டேர்பனின் மேற்குப் பக்கமாக, நகர மையத்திலிருந்து சில கிலோமீற்றர் தூரத்தில் இருந்த கேட்டோ மெனர் என்ற மேட்டு நிலத்தில் சிறு காணிகளைக் குத்தகைக்கு எடுத்தார்கள், பிறகு வாங்கினார்கள். மரக்கறியும் வாழையும் பயிரிட்டு நகரச் சந்தையில் விற்றார்கள். தகரத்தாலும் மரத்தாலும் வீடு கட்டினார்கள். கோயில் கட்டினார்கள், பிள்ளைகளுக்குத் தாங்களே காசு சேர்த்துப் பாடசாலை கட்டினார்கள். 1932இல் டேர்பன் மாநகரம் தன் எல்லையை விரிவாக்கி இந்தப் பகுதியை உள்ளே எடுத்துக்கொண்டது. வரி வந்தது, ஆனால் தண்ணீரும் வீதியும் மின்சாரமும் ஒழுங்காக வரவில்லை.

இன்னொரு கூட்டம் நகரத்துக்குள்ளேயே இருந்தது. மாநகர சபையின் துப்புரவுப் பணிகளையும் வீதி வேலைகளையும் செய்த இந்தியத் தொழிலாளர்கள் 'மகசின் பராக்ஸ்' என்ற லயன் வரிசைகளில் குடியிருந்தார்கள். ஓர் அறையில் ஒரு குடும்பம். இடம் நெருக்கடியானது. ஆனால் வேலைத்தலம் நடை தூரத்தில் இருந்தது. கோயிலும் உறவும் பக்கத்திலேயே இருந்தன.

1949 ஜனவரி

இந்தக் கதையைத் 'தமிழர் துன்பம்' என்று மட்டும் சொல்லி முடித்துவிட முடியாது. கேட்டோ மெனரில் இந்தியக் காணிச் சொந்தக்காரர்களிடம் துண்டு நிலம் வாடகைக்கு எடுத்துக் குடிசை போட்டு வாழ்ந்தவர்கள் ஆபிரிக்கர்கள். நகரத்தில் காணி வாங்கும் உரிமை அவர்களுக்கு அநேகமாக மறுக்கப்பட்டிருந்தது. ஆகவே வெள்ளை ஆட்சியின் கீழ் நசுக்கப்பட்ட இரு சமூகங்களில் ஒன்று வாடகை வாங்கியது, மற்றது வாடகை கொடுத்தது. கடைக்காரரும் பஸ் சொந்தக்காரரும் இந்தியர், வாடிக்கையாளரும் பயணியும் ஆபிரிக்கர்.

1949 ஜனவரி 13ஆம் திகதி நகரில் ஓர் இந்தியக் கடைக்காரர் ஆபிரிக்கச் சிறுவன் ஒருவனைத் தாக்கினார் என்பதிலிருந்து கலவரம் வெடித்தது. மூன்று நாட்களில் 142 பேர் இறந்தார்கள். அவர்களில் 87 பேர் ஆபிரிக்கர்கள், 50 பேர் இந்தியர்கள். ஆபிரிக்கர்களில் பெரும்பாலானோர் பொலிஸாரினதும் படையினரினதும் துப்பாக்கிச் சூட்டில் இறந்தவர்கள். இந்தியர்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட இடங்களில் ஒன்று கேட்டோ மெனர்.

கலவரத்தால் ஆட்சியாளருக்கு ஒரு வசதி கிடைத்தது. 'இவர்கள் ஒன்றாக வாழ முடியாதவர்கள், பிரித்து வைப்பதே பாதுகாப்பு' என்று சொல்ல அது காரணமானது.

துப்பாக்கி இல்லாமல் துரத்துவது எப்படி

1950இல் தென்னாபிரிக்க நாடாளுமன்றம் இனவாரிப் பிரதேசச் சட்டத்தை நிறைவேற்றியது. எந்த இனம் எந்தப் பிரதேசத்தில் வாழலாம், காணி வாங்கலாம், கடை வைக்கலாம் என்பதை அரசு வரைபடத்தில் கோடு போட்டுத் தீர்மானிக்கலாம் என்பதே அதன் சாரம். டேர்பன் மாநகர சபை இந்தச் சட்டத்துக்கு முன்னோடியாகவே வேலை செய்தது. நகரத்தை நிறவாரியாகப் பிரிக்கும் திட்டங்களை அது ஆர்வத்தோடு தயாரித்தது.

1958இல் கேட்டோ மெனர் 'வெள்ளையர் பிரதேசம்' என்று பிரகடனம் செய்யப்பட்டது. அன்று அங்கே வெள்ளையர் குடியிருப்பு ஏறத்தாழ இல்லை. அந்த வர்த்தமானியோடு ஒரு சமூகம் முழுவதும் தன் சொந்தக் காணியில் சட்டவிரோதக் குடியிருப்பாளர் ஆனது. மாநகரமே விலை நிர்ணயித்தது, மாநகரமே வாங்கியது. மறுத்தவர்களிடமிருந்து சுவீகரித்தது. வீடு இடிக்கப்பட்டது. உறுதி வைத்திருந்தவருக்கு ஏதோ ஒரு தொகை கிடைத்தது, வாடகைக்கு இருந்தவருக்கு அதுவும் இல்லை.

ஆபிரிக்கர்களின் குடிசைகள் முதலில் இடிக்கப்பட்டன. அவர்கள் வடக்கே க்வாமாஷுவுக்கும் தெற்கே உம்லாசிக்கும் அனுப்பப்பட்டார்கள். இதை எதிர்த்து 1959இல் கேட்டோ மெனரின் ஆபிரிக்கப் பெண்கள் நடத்திய போராட்டம் அந்த நாட்டின் விடுதலை வரலாற்றில் இடம்பெற்றிருக்கிறது. இந்தியர்கள் அனுப்பப்பட்ட இடம் சட்ஸ்வேர்த். பிறகு, 1970களில், நகரின் வடக்கே பீனிக்ஸ்.

ஷெல் விழவில்லை, ஊரடங்கு இல்லை. ஒரு கடிதம், ஒரு திகதி, ஒரு லொறி. இதே முறையில் 1960க்கும் 1983க்கும் இடையில் தென்னாபிரிக்கா முழுவதும் சுமார் 35 இலட்சம் பேர் இடம்பெயர்க்கப்பட்டதாக மதிப்பிடப்படுகிறது.

தடுப்புச் சுவராக ஒரு நகரம்

சட்ஸ்வேர்த் டேர்பன் மையத்திலிருந்து தென்மேற்கே பதினைந்து இருபது கிலோமீற்றர் தொலைவில், உம்லத்துசானா ஆற்றுக்கும் உம்லாஸ் ஆற்றுக்கும் நடுவே ஏறி இறங்கும் குன்றுகளின் மேல் அமைந்திருக்கிறது. ஏற்கெனவே அங்கே வாழைத்தோட்டம் வைத்திருந்த இந்திய விவசாயிகளின் காணிகளையும் எடுத்துத்தான் இந்த நகரம் கட்டப்பட்டது. ஒரு பகுதி இந்தியரைக் குடியேற்ற இன்னொரு பகுதி இந்தியர் நிலம் இழந்தார்கள்.

இடம் தற்செயலாகத் தெரிவு செய்யப்படவில்லை. வடக்கே வெள்ளையரின் புறநகர்கள், தெற்கே உம்லாசியின் ஆபிரிக்கக் குடியிருப்பு. இரண்டுக்கும் நடுவில் இந்தியர்கள் வைக்கப்பட்டார்கள். தென்னாபிரிக்க நகரத் திட்டமிடலில் இதற்கு 'இடைத்தடுப்பு வலயம்' என்றே பெயர். ஆறு, ரயில் பாதை, நெடுஞ்சாலை, வெறும் நிலம் ஆகியவை இனங்களுக்கு நடுவே எல்லைகளாக வைக்கப்பட்டன. மனிதர்களும் அப்படி ஓர் எல்லையாக வைக்கப்பட்டார்கள்.

1960களின் நடுப்பகுதியில் மக்கள் வந்து இறங்கத் தொடங்கினார்கள். நகரம் பதினொரு அலகுகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. பேவியூ, வெஸ்ட்கிளிஃப், குரோஃப்ட்டீன், அரீனா பார்க் போன்ற அழகான ஆங்கிலப் பெயர்கள் இருந்தாலும் மக்கள் 'யூனிட் இரண்டு', 'யூனிட் மூன்று' என்றே பேசிப் பழகினார்கள். ஒரே அச்சில் வார்த்த மாதிரி, சுவரோடு சுவர் ஒட்டிய சிறிய வீடுகள் குன்றின் சரிவு முழுக்க வரிசையாக இருந்தன. நமது சுனாமி வீட்டுத்திட்டங்களையும் மீள்குடியேற்ற வீட்டுத்திட்டங்களையும் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சியை விளக்கத் தேவையில்லை.

வீடு மாறியது மட்டுமல்ல, வாழ்க்கையின் கணக்கும் மாறியது. கேட்டோ மெனரில் பெரிய வளவு ஒன்றில் தாத்தா, மகன்மார், மருமக்கள், பேரப்பிள்ளைகள் என்று ஒன்றாக இருந்தவர்கள் இங்கே தனித்தனிக் குடும்பங்களாகப் பிரிக்கப்பட்டு வெவ்வேறு அலகுகளில் வீடு பெற்றார்கள். மரக்கறித் தோட்டத்துக்கு இடம் இல்லை. முன்பு வாடகை மிகக் குறைவு அல்லது இல்லை. இங்கே மாதம் பிறந்தால் வீட்டுத் தவணை, தண்ணீர், மின்சாரம், பஸ் கட்டணம். ஒருவர் உழைப்பு போதவில்லை. பெண்கள் டேர்பனின் ஆடைத் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போகத் தொடங்கினார்கள். அந்தத் தலைமுறைப் பெண்களின் தையல் இயந்திரத்தில்தான் சட்ஸ்வேர்த்தின் பிள்ளைகள் படித்தார்கள் என்று சொன்னால் மிகையில்லை.

இருக்கிற இடம் ஊரானது

அரசு கொடுத்தது வீடுகளை மட்டும்தான். மற்றதையெல்லாம் மக்களே கட்டினார்கள். கோயில் இல்லாத இடத்தில் முதலில் வீட்டு முற்றத்தில் கொடிக்கம்பம் நட்டார்கள், பிறகு காசு சேர்த்துக் கோயில் எழுப்பினார்கள். விளையாட்டுக் கழகம், மரணச் சடங்குச் சங்கம், தமிழ்ச் சங்கம், வட்டாரக் குழு எல்லாம் உருவாகின. 1969இல் திறக்கப்பட்ட ஆர். கே. கான் மருத்துவமனை, ஒரு இந்திய வழக்கறிஞர் விட்டுச்சென்ற தர்ம நிதியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஹிக்கின்சன் நெடுஞ்சாலையில் காலையும் மாலையும் போகும் பஸ்கள் நகரத்துக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு தனி உலகமாயின.

இன்று சட்ஸ்வேர்த்தின் பெயர்ப் பலகைகளில் கோவெண்டர், மூட்லி, பிள்ளே, படையாச்சி, நாய்க்கர் என்ற பெயர்களைக் காணலாம். கவுண்டர் கோவெண்டர் ஆனார், முதலி மூட்லி ஆனார். கப்பலில் பெயர் எழுதிய குமாஸ்தாவின் காதில் விழுந்த மாதிரி. வீட்டில் பேசும் மொழி பெரும்பாலும் ஆங்கிலம்தான். தமிழ் கோயிலிலும் பாட்டிலும் சில சொற்களிலும் தங்கியிருக்கிறது. 1996ஆம் ஆண்டின் தென்னாபிரிக்க அரசியலமைப்பு, மதிக்கப்பட்டு வளர்க்கப்பட வேண்டிய சமூக மொழிகளின் வரிசையில் தமிழையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ஆனால் சட்டத்தில் இருக்கும் இடத்தை வீட்டுக்குள் பெற்றுக்கொள்ள அந்த மொழியால் முடியவில்லை. தைப்பூசக் காவடியும் தீமிதிப்பும் அப்படியல்ல. ஆயிரக்கணக்கானோர் கூடும் நிகழ்வுகளாக அவை தொடர்கின்றன.

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி சட்ஸ்வேர்த்தில் ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேர் வாழ்கிறார்கள். இப்போது அங்கே ஆபிரிக்கக் குடும்பங்களும் கணிசமாக இருக்கின்றன. மூன்றாம் தலைமுறைப் பிள்ளைக்கு 'நான் சட்ஸ்வேர்த்' என்பது பெருமையான பதில். தாத்தாவைக் கொண்டுவந்து கொட்டிய இடம் பேரனுக்குச் சொந்த ஊர்.

வாக்கு கிடைத்தது, வாடகை மிஞ்சியது

1994இல் எல்லோருக்கும் வாக்குரிமை கிடைத்தது. நிறவாரிச் சட்டங்கள் அதற்கு முன்பே நீக்கப்பட்டிருந்தன. ஆனால் அதே தசாப்தத்தில் இறக்குமதி வரிகள் குறைக்கப்பட, மலிவான வெளிநாட்டு உடைகள் வந்து குவிந்தன. டேர்பனின் ஆடைத் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. தையல் வேலையை நம்பியிருந்த சட்ஸ்வேர்த் வீடுகளில் வருமானம் நின்றது, தவணைப் பாக்கி ஏறியது.

1999, 2000ஆம் ஆண்டுகளில் பேவியூ, வெஸ்ட்கிளிஃப் தொடர்மாடிகளில் வாடகை கட்ட முடியாத குடும்பங்களின் தண்ணீரையும் மின்சாரத்தையும் மாநகரம் துண்டித்தது. வீட்டைவிட்டு வெளியேற்றப் பாதுகாப்பு ஆட்களை அனுப்பியது. இம்முறை அனுப்பியது மக்கள் வாக்களித்துத் தெரிவான நிர்வாகம். நிறவெறிக்கு எதிராகப் போராடிய சமூகவியலாளர் பாத்திமா மீர், தேர்தல் வேலையாக அங்கே போனவர், வறுமையைக் கண்டு அந்த மக்களோடு நின்றார். படிக்கட்டுகளில் உட்கார்ந்து வெளியேற்றத்தை மறித்தவர்களில் இந்தியப் பெண்களும் இருந்தார்கள், ஆபிரிக்கப் பெண்களும் இருந்தார்கள். அந்தப் போராட்டத்தைப் பற்றி அஷ்வின் தேசாய் 2002இல் எழுதிய நூலின் தலைப்பு 'நாங்கள் ஏழைகள்' என்று பொருள்படும். இனத்தின் பெயரால் ஒதுக்கப்பட்ட ஓர் இடத்தில் மக்கள் தங்களை இனத்தின் பெயரால் அல்லாமல் அழைத்துக்கொண்ட தருணம் அது.

அந்த ஒற்றுமை எல்லா இடத்திலும் நிலைக்கவில்லை. 2021 ஜூலையில் நாட்டில் கொள்ளையும் கலவரமும் பரவியபோது, பீனிக்ஸ் குடியிருப்பில் இந்தியர்கள் வீதித் தடைகள் போட்டார்கள். அங்கே நடந்த வன்முறையில் 36 பேர் கொல்லப்பட்டதாகப் பொலிஸ் அமைச்சர் பின்னர் அறிவித்தார். அநேகமாக அனைவரும் ஆபிரிக்கர்கள். 1949இன் பேய் இன்னும் அடங்கவில்லை. நிலத்தைப் பிரித்து மக்களை வைத்தால், சட்டம் போன பிறகும் சந்தேகம் அந்த எல்லைக்கோட்டிலேயே குடியிருக்கும்.

காணி திரும்பியதா?

கேட்டோ மெனருக்கு என்ன நடந்தது? வெள்ளையருக்கென்று வெறுமையாக்கப்பட்ட அந்த மேட்டில் வெள்ளையர் குடியேறவே இல்லை. பெரும் பகுதி பல பத்தாண்டுகள் புல்லும் பற்றையுமாகக் கிடந்தது. இடிபடாமல் நின்றவற்றில் முக்கியமானவை கோயில்கள். பெலெயர் வீதியில் உள்ள உம்பிலோ ஸ்ரீ அம்பலவாணர் ஆலயம் அவற்றில் ஒன்று. 1875இல் உம்பிலோ ஆற்றங்கரையில் தொடங்கி, 1905 வெள்ளத்தில் அழிந்து, 1947இல் இன்றைய இடத்தில் கட்டப்பட்டது. சுற்றியிருந்த வீடுகளெல்லாம் போன பிறகும், திரௌபதி அம்மன் தீமிதிப்புக்குச் சட்ஸ்வேர்த்திலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் மக்கள் வந்து போனார்கள். உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் இருந்த கோயிலுக்குத் திருவிழா அன்று மட்டும் அனுமதி பெற்றுப் போய், பொழுது சாய்வதற்குள் திரும்பியவர்களுக்கு அந்த நடை எப்படி இருந்திருக்கும் என்று தெரியும்.

1994இல் புதிய அரசு நிறைவேற்றிய முதல் சட்டங்களில் ஒன்று காணி உரிமைகளை மீளளிக்கும் சட்டம். 1913 ஜூன் 19க்குப் பிறகு இன அடிப்படையிலான சட்டங்களால் காணி உரிமை இழந்தவர்களோ அவர்களது வாரிசுகளோ கோரிக்கை வைக்கலாம். சொந்தக்காரர் மட்டுமல்ல, வாடகைக் குடியிருப்பாளரும் கேட்கலாம் என்பது அதில் கவனிக்க வேண்டிய விடயம். கோரிக்கைக்கான கடைசி நாள் 1998 டிசெம்பர் 31. நாடு முழுவதும் சுமார் 80,000 கோரிக்கைகள் வந்தன.

ஆனால் கேட்டோ மெனர் அப்போது வெற்று நிலமாக இருக்கவில்லை. 1980களின் இறுதியிலிருந்து, நாட்டுப்புற வறுமையிலிருந்தும் அரசியல் வன்முறையிலிருந்தும் தப்பி வந்த ஆபிரிக்கக் குடும்பங்கள் அங்கே குடிசைகள் போட்டிருந்தன. அந்த இடம் வீடற்ற ஏழைகளுக்கான பெரிய வீட்டுத்திட்டப் பிரதேசமாக அறிவிக்கப்பட்டு, ஜனாதிபதியின் விசேட திட்டங்களில் ஒன்றாகவும் சேர்க்கப்பட்டது. காணியைத் திருப்பிக் கொடுக்கத் தொடங்கினால் வீட்டுத்திட்டம் நின்றுவிடும் என்று உள்ளூராட்சி நிர்வாகம் வாதிட்டது. மீளளிப்புச் சட்டத்தின் 34ஆம் பிரிவின் கீழ், பொதுநலன் கருதி அந்தக் காணிகளைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை என்று கட்டளையிடுமாறு காணி உரிமை நீதிமன்றத்தைக் கேட்டது. பழைய சொந்தக்காரர்கள் எதிர்த்தார்கள். இறுதியில் இணக்கம் ஒன்றின் அடிப்படையில் வழக்கு முடிந்தது. பெரும்பாலானோருக்குக் காணி கிடைக்கவில்லை. நட்டஈட்டுத் தொகையே கிடைத்தது.

இதை எப்படிப் பார்ப்பது? ஒரு பக்கம் அநீதி: நிறவெறி அரசு பறித்ததை, அதை எதிர்த்து வந்த அரசு திருப்பிக் கொடுக்கவில்லை. மறுபக்கம், அந்த நிலத்தில் குடிசை போட்டிருந்தவர்கள் படையினர் அல்லர். அவர்களிலும் பலர் அதே சட்டங்களால் துரத்தப்பட்டவர்களின் பிள்ளைகள். பழைய உறுதியை மதித்தால் புதிய ஏழைகள் தெருவுக்கு வருவார்கள். ஏழைகளை மதித்தால் பழைய உறுதி வெறும் காகிதமாகும். எல்லோருக்கும் நியாயமான ஒரு தீர்வு 1960இல் சாத்தியமாக இருந்தது, யாரையும் துரத்தாமல் விடுவது. 1997இல் அது சாத்தியமாக இருக்கவில்லை. காணித் தீர்வு தள்ளிப்போகப் போக, அதனால் காயப்படுவோரின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகிறது.

நமக்கு இதில் என்ன?

முதலாவது, நல்லிணக்க ஆணைக்குழு என்ற பேச்சோடு காணியைச் சேர்த்தே கேட்க வேண்டும். தென்னாபிரிக்காவில்கூட அது தனிச் சட்டமாக, தனி நீதிமன்றமாக இருந்தது. ஆணைக்குழு வந்தால் காணி தானாக வரும் என்பதற்கு அந்த நாட்டில் சான்று இல்லை.

இரண்டாவது, 'பொதுநலன்' என்ற சொல்லை யார், எதற்காகப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்க்க வேண்டும். டேர்பனில் அது வீடற்றவருக்கு வீடு. 2013 ஏப்ரலில் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கரைச் சுவீகரிக்கும் அறிவித்தல் ஒட்டப்பட்டபோது, காட்டப்பட்ட பொதுத் தேவை இராணுவத் தலைமையகம். இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது. கேட்டோ மெனரின் உதாரணத்தைக் காட்டி 'அங்கேயும் திருப்பிக் கொடுக்கவில்லையே' என்று யாராவது சொன்னால் இந்த வித்தியாசத்தைச் சொல்ல நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது, காகிதம். டேர்பன் மக்களுக்குக் கோரிக்கை வைக்க ஒரு கடைசி நாள் இருந்தது. அதைத் தவறவிட்டவர்கள் பலர். நமக்கு 2025 மார்ச் 28ஆம் திகதி வெளியான வர்த்தமானி நினைவிருக்கும். வடக்கில் 5,940 ஏக்கருக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அரச காணியாகும் என்றது. எதிர்ப்பும் உயர் நீதிமன்ற வழக்கும் வந்த பிறகே அது மீளப்பெறப்பட்டது. இடப்பெயர்வில் உறுதி தொலைத்தவர்கள், அனுமதிப்பத்திரம் எரிந்தவர்கள், சொந்தக்காரர் வெளிநாட்டில் இறந்துபோன குடும்பங்கள் எத்தனை! காணிப் பதிவகத்தில் பிரதி எடுப்பதும், எல்லை தெரிந்த முதியவர்கள் உயிரோடு இருக்கும்போது அவர்களது வாக்குமூலத்தை எழுதி வைப்பதும் அடுத்த கடைசி நாள் வருவதற்கு முன் செய்ய வேண்டிய வேலைகள். உறுதி இல்லாமல் குடியிருந்தவரின் உரிமையையும் சேர்த்துக் கேட்பது அதைவிட முக்கியம்.

நான்காவது சொல்லக் கொஞ்சம் கடினமானது. நாமும் துரத்தப்பட்டவர்கள் மட்டும் அல்லர். 1990 ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் ஒட்டுமொத்தமாக வெளியேற்றப்பட்டார்கள். புத்தளத்தில் அவர்களது பிள்ளைகளுக்கும் 'இருக்கிற இடம்' ஊராகிவிட்டது. அதனால் யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் முல்லைத்தீவிலும் இருக்கும் அவர்களது காணியின் உரிமை தீர்ந்துபோகவில்லை. நமக்குக் கேட்கும் நியாயத்தை அவர்களுக்கு மறுத்தால் நம் கோரிக்கையின் கால் நம் கையாலேயே முறியும்.

அம்மம்மா ஊரைப் பார்க்காமலே போய்விட்டார். அவர் இறந்து சில ஆண்டுகளுக்குப் பிறகு எங்கள் காணி விடுவிக்கப்பட்டது. வீடு இல்லை. கிணறு இருந்தது, அதை வைத்துத்தான் எல்லையைப் பிடித்தோம். அம்மா இப்போது வாரத்தில் இரண்டு நாள் அங்கே போகிறார். பற்றை வெட்டி, தென்னம்பிள்ளை நட்டிருக்கிறார். பின்னேரம் ஐந்து மணி பஸ்ஸில் மல்லாகத்துக்குத் திரும்பிவிடுவார். "அங்க வீடு கட்டிப் போவமா?" என்று கேட்டால், பிள்ளைகளின் பள்ளிக்கூடம், தன் வைத்தியசாலைக் கிளினிக், முப்பது வருட அயல் என்று கணக்குச் சொல்வார். "காணியை வித்துவிடுவமா?" என்று கேட்டால் முகம் மாறும்.

இரண்டு பதிலும் உண்மை. சட்ஸ்வேர்த்திலிருந்து அம்பலவாணர் கோயிலுக்கு வந்து, தீ மிதித்து, திரும்பவும் சட்ஸ்வேர்த்துக்கே பஸ் ஏறியவர்களுக்கும் இரண்டும் உண்மையாகவே இருந்திருக்கும். புதிய ஊரில் வேர் பிடித்துவிட்டார்கள் என்பதைக் காரணம் காட்டிப் பழைய ஊரின் கணக்கை மூடிவிட யாருக்கும் உரிமை இல்லை.